முதலில் ஒரு தாழ்ப்பாள்

வணக்கம். சிறுசேரியில் மென்பொருள் வேலை. குழந்தைக்கு 7 மாதம். பேறுகால விடுப்பு முடிந்து போன மாதம் திரும்பினேன். அலுவலகத்தில் பெற்றோர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். 140 பேர் இருந்தும் காலை வணக்கமும் பழைய தொட்டில் விற்பனையும்தான் நடக்கிறது. மூடிவிடலாமா, எச்.ஆரிடம் கொடுத்துவிடலாமா? நான் பால் எடுப்பதே கழிப்பறையில் நின்றுகொண்டுதான்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

தொட்டில் விற்கட்டும், என்ன நஷ்டம்? எச்.ஆரிடம் கொடுத்தால் அன்னையர் தினத்துக்குக் கேக் வெட்டுவார்கள், அதோடு சரி.

போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைக் குழுவில் ஒருமுறையாவது சொன்னீர்களா? கழிப்பறையில் யாராவது சோறு கட்டுவார்களா? கூச்சப்பட வேண்டியது நீங்கள் இல்லையம்மா.

140 பேரால் ஒன்றும் ஆகாது. இப்போது பால் கொடுக்கிறவர்கள் இரண்டு பேர், அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் இரண்டு பேர், அப்பாக்கள் இரண்டு பேர் தனியாக உட்காருங்கள். நிர்வாகத்துக்கு ஒரு கடிதம், அதில் ஒரே கோரிக்கை: ஓர் அறை. கண்ணாடி மீட்டிங் ரூமில் காகிதம் ஒட்டித் தருகிறோம் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்பக்கம் தாழ்ப்பாள், நாற்காலிக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட், கை கழுவக் குழாய், சின்ன ஃபிரிட்ஜ். கேன்டீன் ஃபிரிட்ஜை ஓயாமல் திறப்பார்கள், குளிர் நிற்காது. தேதியும் நேரமும் எழுதி, பாட்டிலைக் கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். அங்கே 4 நாள் தாங்கும். வெளியே ஏ.சி. குளிரில் 4 மணி நேரம், ஓ.எம்.ஆர். நெரிசலில் அதை நம்பாதீர்கள், ஐஸ் பேக் வேண்டும்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுக்க வேண்டும். எடுக்க 20 நிமிடம், பம்பைக் கழுவ 10. காலண்டரில் அரை மணி போட்டுவிடுங்கள். சொதப்புவதும் இங்கேதான். கிளையன்ட் மீட்டிங் நீளும், ஒரு முறை தவறும், மார்பு கட்டிக்கொள்ளும், காய்ச்சல் வரும். தவறுவது வழக்கமானால் பாலும் குறையும். அந்த அரை மணி உங்கள் இடத்தில் யார் பேசுவது என்று பெயர் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். அப்பாக்களைக் கூப்பிடச் சொன்னது அதற்குத்தான், மீம் போடுவதற்கு அல்ல.

நீங்கள் கேட்பது சலுகை இல்லை. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, தினமும் 2 பாலூட்டும் இடைவேளை 1961 மகப்பேறு பலன் சட்டத்திலேயே இருந்தது. 50 பேர் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தது. அதை இந்தக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். காப்பகம் பட்ஜெட்டில் மாட்டினால் அறையும் கூடவே மாட்டும்.

ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு, அறைக்குத் தேதி கேளுங்கள். அதுவரை முதலுதவி அறையின் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்கே.