ஆய்வுலகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பெரோவ்ஸ்கைட் சூரியமின் கலம் 34 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். கடையில் கிடைப்பதோ 21, 22 சதவீத சிலிக்கான் பலகைகள்தான். ஏன் இந்தத் தாமதம்? எங்கள் ப்ராஜெக்டுக்கு அப்படி ஒரு கலத்தை நாங்களே செய்ய முடியுமா?
*(பாலிடெக்னிக் மாணவர்கள், ஈரோடு)*

செய்தி சரிதான். சீனாவின் லோஞ்சி நிறுவனம் 2024 ஜூனில் 34.6 சதவீதத் திறனை (விழும் ஒளியில் மின்சாரமாக மாறும் பங்கு) அறிவித்தது. ஆனால் அது சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட் (ஒரு குறிப்பிட்ட படிக அமைப்புள்ள பொருள்) படலத்தை ஏற்றிய இரட்டைக் கலம். நீலம், பச்சை போன்ற ஆற்றல் மிகுந்த ஒளியை மேலடுக்கு எடுத்துக்கொள்ளும். ஆற்றல் குறைந்த அகச்சிவப்பு கீழே இறங்கி சிலிக்கானுக்குப் போகும். தனி சிலிக்கான் கலத்துக்குக் கோட்பாட்டு எல்லையே ஏறக்குறைய 29.4 சதவீதம்தான். அதைத் தாண்டத்தான் இந்த அடுக்கு. இத்தகைய சாதனைக் கலங்களின் பரப்பு பெரும்பாலும் ஒரு சதுர செ.மீ. அளவில்தான் இருக்கும். செய்தியில் சதவீதத்தைப் பார்த்ததும் பரப்பு எவ்வளவு, எத்தனை மணி நேரம் வெயிலில் வைத்தார்கள் என்றும் தேடிப் பாருங்கள்.

பரப்பு பெரிதாகும்போது முதல் சிக்கல் வருகிறது. ஆய்வகத்தில் கண்ணாடித் துண்டின் மேல் கரைசலை விட்டு நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று வேகத்தில் சுழற்றுவார்கள். சரியான விநாடியில் குளோரோபென்சீன் போன்ற ஒரு திரவத்தை மேலே விட்டால் படிகங்கள் ஒரே சீராகப் படியும். பிறகு சுமார் 100 டிகிரியில் சூடாக்குவார்கள். கிடைக்கும் படலம் அரை மைக்ரோமீட்டர் தடிமன். ஒரு மீட்டர் கண்ணாடியை அப்படிச் சுழற்ற முடியாது. வேறு பூச்சு முறைக்கு மாறினால் ஊசித்துளைகள் விழுகின்றன. ஒரு துளை விழுந்தாலும் அங்கே மேலடுக்கும் கீழடுக்கும் தொட்டுக்கொண்டு மின்சாரம் உள்ளேயே கசிந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் ஆயுள். பெரோவ்ஸ்கைட் வகைகளில் ஒன்றான மெத்தில் அம்மோனியம் ஈய அயோடைடில் ஈரம் பட்டால் கறுப்புப் படலம் மஞ்சளாகும். எஞ்சுவது வெறும் ஈய அயோடைடு. ஈரமே இல்லாவிட்டாலும் 85 டிகிரிச் சூட்டில் மெத்தில் அம்மோனியம் வெளியேறத் தொடங்கும். அதனால்தான் இப்போது ஃபார்மமிடினியமும் சீசியமும் கலக்கிறார்கள். இரட்டைக் கலத்துக்காகப் புரோமைடு சேர்த்தால் வெளிச்சத்திலேயே அயோடைடும் புரோமைடும் தனித்தனியே பிரிந்து மின்னழுத்தம் இறங்குகிறது. சிலிக்கான் பலகையை 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதத்தில் 1,000 மணி நேரம் வைத்துச் சோதித்துத்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள்; 25 ஆண்டு உத்தரவாதமும் தருகிறார்கள். புதியது அதோடு போட்டியிட வேண்டும். ஜப்பானில் மியாசாகா குழு 2009இல் தொடங்கியபோது திறன் 3.8 சதவீதம்தான். 2024 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்ட் பிவி நிறுவனம் 24.5 சதவீதத் திறனுள்ள இரட்டை அடுக்குப் பலகைகளை விற்பனைக்கு அனுப்பியது. பதினைந்து ஆண்டில் இது பெரிய தூரம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

நீங்களே செய்வதா? பெரோவ்ஸ்கைட் வேண்டாம். கரைப்பானாகப் பயன்படும் டைமெத்தில் ஃபார்மமைடு தோல் வழியே ஊடுருவும்; கரைந்த ஈயமும் கூடவே இருக்கும். நைட்ரஜன் பெட்டியும் புகைபோக்கி அறையும் இல்லாத இடத்தில் அதைத் தொடக் கூடாது.

அதற்குப் பதில் சாயமேற்றிய கலம் (சாயம் ஒளியை உறிஞ்சி மின்சாரம் தரும் சூரியக் கலம்) செய்யலாம். பாடமும் நிறைய இருக்கிறது. 6 கிராம் நுண்துகள் டைட்டானியம் டை ஆக்சைடைக் கல்வத்தில் போட்டு, நீர்த்த அசெட்டிக் அமிலத்தை (பிஎச் 3 முதல் 4) ஒவ்வொரு மில்லியாக 9 மி.லி. வரை விட்டு அரையுங்கள். மொத்தமாக ஊற்றினால் கட்டி தட்டும். மின்கடத்தும் கண்ணாடியில் கடத்தும் பக்கம் எது என்று மல்டிமீட்டரில் பாருங்கள். சில பத்து ஓம் காட்டும் பக்கம்தான் அது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். விளிம்புகளில் செலோ டேப் ஒட்டி, பசையைக் கண்ணாடிக் குச்சியால் ஒரே இழுப்பில் பரப்புங்கள். காய்ந்ததும் டேப்பை எடுத்துவிட்டு 450 டிகிரி உலையில் அரைமணி நேரம் சுட்டு, உலைக்குள்ளேயே ஆறவிடுங்கள். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் கண்ணாடி விரிசல் விடும். படலத்தில் வெடிப்பு தெரிந்தால் பூச்சு தடிமனாகிவிட்டது என்று பொருள்.

ஆறிய படலத்தை நாவல்பழச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவைத்து, தண்ணீரிலும் பிறகு ஆல்கஹாலிலும் அலசிக் காயவிடுங்கள். இன்னொரு கடத்தும் கண்ணாடியில் பென்சில் கரியைத் தேய்த்து எதிர்முனை ஆக்குங்கள். பூசிய பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, விளிம்புகள் மட்டும் சற்று வெளியே நீளும்படி இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கவ்வியால் பிடித்து, எத்திலீன் கிளைக்காலில் கரைத்த அயோடின் – பொட்டாசியம் அயோடைடு கரைசலில் ஓரிரு சொட்டு விடுங்கள். வெயிலில் 0.3 முதல் 0.5 வோல்ட் கிடைக்கும். கரைசல் உலர உலர மின்னோட்டம் விழும். அதை மணிக்கொரு முறை குறித்து வரைபடமாக்கினால் ப்ராஜெக்டின் மதிப்பே அந்த வரைபடத்தில்தான்.

கேள்வி: அறை வெப்பநிலையில் மீக்கடத்தி என்று 2023இல் பேசப்பட்ட எல்.கே-99 என்ன ஆயிற்று? பிள்ளைகள் கேட்கிறார்கள்.
*(மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை, திண்டுக்கல்)*

அது மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்) இல்லை. 2023 ஜூலையில் கொரியக் குழு ஒன்று, மதிப்பாய்வுக்கு முன்பே, 127 டிகிரி செல்சியஸ் வரை மீக்கடத்தும் என்று இணையத்தில் கட்டுரை வெளியிட்டது. 104 டிகிரியையொட்டி மின்தடை சடாரென விழுந்தது ஒரு சான்று. காந்தத்தின் மேல் துண்டு ஒருபக்கமாக எழும்பி நின்றது இன்னொன்று.

விடை செய்முறையிலேயே இருந்தது. ஈய சல்பேட்டிலிருந்து செய்த சேர்மத்தையும் செம்பு பாஸ்பைடையும் 925 டிகிரியில் வினைபுரிய வைத்தார்கள். கந்தகமும் செம்பும் சேர்ந்து செம்பு சல்பைடு துணைப்பொருளாக உண்டாகிறது. செம்பு சல்பைடின் படிக அமைப்பு 104 டிகிரியில்தான் மாறுகிறது. மின்தடையும் அங்கேதான் விழுகிறது. பெய்ஜிங் இயற்பியல் நிறுவனத்தார் இதைக் காட்டினார்கள். ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மாசில்லாத படிகம் வளர்த்தபோது அது ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும் மின்கடத்தாப் பொருளாக இருந்தது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் செய்து பார்த்து மீக்கடத்தல் இல்லை என்றது. துண்டு எழும்பியதற்குச் சாதாரண இரும்புவகைக் காந்தத்தன்மையே போதும்.

வகுப்பில் இதைத் தோல்விக் கதையாகச் சொல்லாதீர்கள். செய்முறையை வெளிப்படையாக எழுதியதால்தான் சில வாரங்களில் முடிவு தெரிந்தது. மின்தடையை அளக்கும் நான்கு கம்பி முறையையும் இந்தச் சாக்கில் கற்றுக்கொடுக்கலாம். இரண்டு கம்பி மின்னோட்டத்துக்கு, வேறு இரண்டு மின்னழுத்தத்துக்கு. இரண்டே கம்பி வைத்தால் தொடுமுனையின் தடையும் சேர்ந்துவிடும். தடை சுழியாவதையே பார்க்க முடியாது.

கேள்வி: நீட் தேர்வுக்குப் படிக்கும் என் மகள் ஒரே பாடத்தை நாலைந்து தடவை படித்துக் கோடும் போடுகிறாள். ஒரு வாரத்தில் மறந்துபோகிறது. ஆராய்ச்சியில் வழி உண்டா?
*(ஒரு தாய், விருதுநகர்)*

உண்டு அம்மா. அமெரிக்காவில் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்கள், அல்லது ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து, திரும்பப் படித்தவர்கள் 81 சதவீதம், எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: 42 எதிர் 56. அடுத்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று நம்பினார்கள். உங்கள் மகளை ஏமாற்றுவதும் அந்த நம்பிக்கைதான்.

பாடத்தைப் புரிந்து ஒருமுறை படித்தபின் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டதையும் தவறியதையும் வேறு மையில் திருத்தட்டும். திருத்தாவிட்டால் தவறே மனதில் பதியும். அடுத்த முறை, விட்டுப்போனதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் விடும் இடைவெளிக்கும் கணக்கு உண்டு: ஒரு வாரத்தில் தேர்வென்றால் ஓரிரு நாள், ஓர் ஆண்டு கழித்தென்றால் மூன்று நான்கு வாரம். இயற்பியல் கணக்குக்குத் தாளில் எழுதுவது என்றால் விடையைப் பார்க்காமல் போட்டு முடிப்பதுதான். முதல் சில நாள் ‘எதுவும் வரவில்லை’ என்று சோர்ந்துபோவாள். அப்போது பழைய முறைக்குத் திரும்பிவிடாமல் பக்கத்தில் இருங்கள்.

கேள்வி: ‘மூன்றே நாளில் வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள்’ என்று ஆய்விதழ்களிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. தரமான ஆய்விதழ்களைக் காட்டிய யுஜிசி-கேர் பட்டியலும் நிறுத்தப்பட்டுவிட்டது. எதை நம்புவது?
*(முனைவர் பட்ட ஆய்வாளர், திருநெல்வேலி)*

மூன்று நாளில் ஒழுங்கான மதிப்பாய்வு நடக்காது. அந்த மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். பணம் கேட்கும் இதழ்கள் எல்லாமே மோசமல்ல. ஆனால் 2013இல் சயின்ஸ் இதழுக்காக, வெளிப்படையான பிழைகள் நிறைந்த போலிக் கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தபோது 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

பட்டியலை 2025 பிப்ரவரியில் நிறுத்தியபின் பொறுப்பு உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் உங்களுக்கும்தான். ஐ.எஸ்.எஸ்.என் எண்ணை (இதழுக்குரிய அடையாள எண்) அதன் அதிகாரபூர்வத் தளத்தில் போட்டு, இதழின் பெயரும் இணைய முகவரியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பழைய நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடி வேறு முகவரியில் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்கோபஸில் (ஆய்விதழ்களைத் தொகுக்கும் தரவுத்தளம்) உள்ளது என்று இதழ் சொன்னால் ஸ்கோபஸின் பட்டியலிலேயே தேடுங்கள். இதழ்த் தளத்தில் ஒட்டியிருக்கும் சின்னம் சான்றாகாது. ஆசிரியர் குழுவில் இருவரைத் தேர்ந்து, அவர்கள் பணிபுரியும் நிறுவனப் பக்கத்தில் இந்தப் பொறுப்பு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த இதழின் பழைய கட்டுரை ஒன்றின் டி.ஓ.ஐ. எண் (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளம்) திறக்கவில்லை என்றால் விலகுங்கள்.

கட்டுரையை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால், பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடாமல், பணமும் கட்டாமல், திரும்பப் பெறுவதாக எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் எழுத்தில் உறுதிசெய்யும் வரை அதே கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்ப வேண்டாம். பதிலே வராவிட்டால், அனுப்பிய கடிதங்களின் நகலோடு நெறியாளரிடம் சொல்லிவிட்டு அடுத்த இதழுக்குச் செல்லுங்கள்.