எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு, உடம்பைப் பத்திக் கேட்டா பேசியே பதில் சொல்லும் ஏஐ ஆப் போட்டுத் தரலாமா?

போட்டுக் கொடுங்க. ஆனா அது அம்மாவோட சொந்த போனா, வீட்டுக்கே பொதுவான போனான்னு முதல்ல பாருங்க. நீங்க வெளியூர்ல, அம்மா ஊர்ல அண்ணன் வீட்டுலன்னு நினைச்சுக்கிட்டு எழுதுறேன். என் நிலைமை அதுதான்.

எங்க ஊர் கோவில்பட்டி பக்கம். அம்மாவுக்கு 61 வயசு, பத்து வருஷமா சீனி வியாதி. 2021-ல மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வருது. கொண்டு வர்ற அக்கா காலை அட்டைக்கு ரப்பர் பேண்ட் சுத்திக் கொடுப்பாங்க, ராத்திரி அட்டைக்குக் கிடையாது. அம்மா தடவிப் பார்த்தே எடுத்துக்குவாங்க. ஒரு மருந்துக்கடையில "எழுதியிருக்குல்ல, படிக்கத் தெரியாதா"ன்னு எரிஞ்சு விழுந்ததுல இருந்து அவங்க யார்கிட்டயும் எதையும் ரெண்டாவது தடவை கேக்கிறதில்ல. எத்தனை தடவை கேட்டாலும் ஏஐ சலிச்சுக்காதேன்னுதான் போன தீபாவளிக்கு அண்ணன் போன்ல மைக்கைத் தட்டிப் பேசப் பழக்கினேன்.

"மேலுக்கு முடியல"ன்னா அதுக்குப் புரியல. "ஒண்ணுக்குப் போனா கடுக்கு"ன்னு கேட்டதுக்குக் கடுகோட நன்மையைச் சொல்லியிருக்கு. "எரியுது"ன்னு மாத்திக் கேட்டதும் சரியாப் பிடிச்சுக்கிச்சு. காய்ச்சல் இருக்கா, இடுப்பு வலிக்கான்னு விசாரிச்சு, சீனி இருக்கறதால தள்ளிப் போடாம சிறுநீர் டெஸ்ட் எடுங்கன்னு சொல்லியிருக்கு. நல்ல பதில். மூணு மாசமா யார்கிட்டயும் சொல்லாத விஷயம் அது.

சாயங்காலம் அண்ணன் மகன் விளையாட போனை எடுத்தான். அம்மா பேசினதெல்லாம் வரிவரியாத் திரையில நிக்குது. மூணாம் வகுப்புப் பையன், எழுத்துக்கூட்டிச் சத்தமா வாசிச்சுட்டான். வீட்டுல அண்ணன், அண்ணி, அண்ணியோட தம்பி. அடுப்படிக்குள்ள போன அம்மா அன்னைக்கு ராத்திரி வெளியவே வரல. பேசினது காத்தோட போயிரும்னு நினைச்சிருக்காங்க. அது எழுத்தா நிக்கும்னு நானும் சொல்லித் தரல. அப்புறம் போனையும் தொடல, ஆஸ்பத்திரிக்கும் போகல. பொங்கலுக்கு நான் போனப்ப காய்ச்சல்ல கிடந்தாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல பார்த்தா சிறுநீர்த் தொற்று.

டாக்டருக்குப் பதிலா மிஷின்னு நான் சொல்லல, கமெண்டுல சண்டைக்கு வராதீங்க. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்னா 108தான். சந்தேகம் கேக்கணும்னா 104-ல ஆளே பேசுவாங்க. அண்ணியையும் குறை சொல்லல, அம்மாவை இத்தனை வருஷமாப் பார்த்துக்கிறது அவங்கதான்.

எனக்குக் கோபம் என் மாமா மேல. அவரைத் தூக்கி வளர்க்கத்தான் அம்மாவை ரெண்டாம் வகுப்போட நிறுத்தினாங்க. மாமா படிச்சு அரசு வேலை பார்த்து ரிட்டையர் ஆயிட்டாரு. இன்னைக்கும் விசேஷ வீட்டுல "எங்க அக்கா கைநாட்டு"ன்னு நாலு பேர் முன்னாடி சொல்லிச் சிரிப்பாரு. அவர் படிப்பு எங்கம்மா இடுப்புல உக்காந்து வந்த படிப்பு. 2011 கணக்கெடுப்புல நம்ம மாநிலத்துல நூத்துக்கு 26 பெண்களுக்கு மேல எழுத்தறிவு இல்லைன்னு இருக்கு. அதுல எத்தனை பேர் இப்படித் தம்பியைத் தூக்கினவங்களோ.

இப்ப அம்மாவுக்குன்னு தனி போன் வாங்கிக் கொடுத்திருக்கேன், பூட்டுக்கு அவங்க கைரேகையை மட்டும் பதிஞ்சு. தீப்பெட்டி ஆபீஸ் வேலையில பெருவிரல் ரேகை தேஞ்சு போயிருந்துச்சு, மோதிர விரலைத்தான் எடுத்துக்கிச்சு. காதுல ஒயரை மாட்டிக்கிட்டுப் பின்வாசல்ல உக்காந்து கேக்குறாங்க. என்ன கேட்டாங்கன்னு ஊருக்குப் போனா நானும் எடுத்துப் பார்க்கிறதில்ல.