மாதம் 15,000 தருகிற ‘ஹலால்’ கூட்டில் என் பங்குப் பணத்தைப் போடலாமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். சேலம் கோட்டைப் பகுதியில் இருக்கிறேன், வயது 41. வீட்டிலேயே நாலு பெண்களை வைத்துக் கொலுசு வேலை எடுத்துச் செய்கிறேன், கூலியெல்லாம் போக மாதம் 18,000 வரை நிற்கும். எங்கள் அத்தா மௌத்தான பிறகு ஏற்காட்டுப் பக்கம் இருந்த காபித் தோட்டத்தை விற்று, அண்ணன்மார் என் பங்காக 6 லட்சம் கொடுத்தார்கள். நான் சேர்த்த 2 லட்சம் மூன்று வருடமாக எஃப்.டி.யில் இருக்கிறது, அடுத்த மாதம் முடிகிறது, வட்டி மட்டும் 40,000 பக்கம் வரும். அதைத் தொட மனசு இல்லை. என் கொழுந்தனார் ஒரு ஹலால் தொழில் கூட்டு இருக்கிறது, 5 லட்சம் போட்டால் மாதம் 15,000 லாபம், முதலுக்கு முழு கேரண்டி என்கிறார். மஹல்லாவில் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரரோ அந்தப் பணத்தில் மாடி கட்டலாம் என்கிறார். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது. கல்யாணத்தில் வீட்டுக்காரர் கொடுத்த மஹர் 3 பவுனையும் சேர்த்து என்னிடம் 22 பவுன் நகை உண்டு. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பி.ஃபார்ம் படிக்க ஆசை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில்: வ அலைக்கும் ஸலாம், சகோதரி. உங்கள் கொழுந்தனார் சொல்கிற திட்டத்தில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அவர் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். 5 லட்சத்துக்கு மாதம் 15,000 என்றால் மாதம் 3 சதவீதம், வருடத்துக்கு 36. நீங்களே தொழில் செய்கிறவர். செவ்வாய்பேட்டை வியாபாரி எடை போட்டுக் கொடுக்கிற வெள்ளியை வாங்கி, கோர்த்து, பற்ற வைத்து, பாலீஷ் போட்டு, சேதாரம் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிற உங்களுக்கு ஆடி மாசம் கை சும்மா இருப்பதும் தீபாவளிக்கு முன்னால் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார வேண்டியிருப்பதும் தெரியும். எந்த வியாபாரத்திலும் லாபம் அப்படித்தான் ஏறும், இறங்கும், சில மாதம் கையைக் கடிக்கும். பன்னிரண்டு மாதமும் ஒரே 15,000 வருகிறதென்றால் அது வியாபாரத்திலிருந்து வருகிற பணம் இல்லை. பின்னால் சேர்ந்தவர் போட்ட முதலிலிருந்து முன்னால் சேர்ந்தவருக்குப் போகிறது, புது ஆள் வருவது நின்ற அன்றைக்கு அதுவும் நின்றுவிடும்.

மார்க்கப்படி பார்த்தாலும் இது தேறாது. முளாரபா என்கிற கூட்டில் ஒருவர் முதல் போடுவார், இன்னொருவர் உழைப்பார். லாபம் வந்தால் பாதிக்குப் பாதி, அறுபதுக்கு நாற்பது என்று முன்கூட்டிப் பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்வார்கள். நஷ்டம் வந்தால் முதல் போட்டவருக்கு முதல் போகும், உழைத்தவருக்கு உழைப்பு வீண். இதுதான் அதன் அஸ்திவாரம். முதலுக்கு கேரண்டியும் கொடுத்து, போட்ட தொகைக்கு மாதாமாதம் இவ்வளவு என்று நிலையான பணமும் கொடுத்தால் அது கடன், அந்த 15,000 வட்டி. எஃப்.டி. வட்டி 40,000-ஐத் தொட மாட்டேன் என்கிற நீங்கள் அதைவிடப் பெரிய வட்டியை, அதுவும் முதலே திரும்பி வருமா என்று தெரியாத இடத்தில், ஹலால் என்று நம்பி வாங்கப் போகிறீர்கள். எனக்கு இதில் கோபம் வருவதே இதற்காகத்தான். வட்டிக்குப் பயப்படுகிற ஈமானைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள்.

பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் இதே ஹலால் முதலீடு என்ற பெயரில்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் பணம் வாங்கியது. 2019 ஜூனில் அதன் நிறுவனர் நாட்டைவிட்டுப் போனார், அடுத்த மாதம் டெல்லியில் கைதானார். நகையை விற்றும், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததை எடுத்தும் போட்டவர்களில் பெண்கள் ஏராளம். அங்கேயும் மஹல்லாவில் எல்லாரும் போட்டிருக்கிறார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் போட்டவர்கள் நிறைய. அனுமதியில்லாமல் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதை 2019-ல் வந்த மத்திய சட்டம் தடை செய்கிறது, தமிழ்நாட்டில் 1997-லிருந்தே முதலீட்டாளர் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் உண்டு. ஆனால் சட்டம் இருக்கிறது என்று தைரியமாகப் போட்டுவிடக் கூடாது, புகார் கொடுத்து, சொத்தை முடக்கி, ஏலம் விட்டுக் கைக்குக் காசு வருவதற்குள் உங்கள் மகள் படித்தே முடித்துவிடுவாள். கொழுந்தனார் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், அவரே போட்டிருப்பார். அவரிடம் நிதானமாக மூன்று விஷயம் கேளுங்கள்: என்ன சரக்கு, எங்கே விற்கிறார்கள்? ஆடிட் ஆன கணக்கு எங்கே? நஷ்டம் வந்த மாதம் எவ்வளவு குறைத்துக் கொடுத்தார்கள்? மூன்றாவது கேள்விக்கு வருகிற பதிலிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

இப்போது மாடி விஷயம். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் முதலாவதை மறுப்பது சுலபம், இதை மறுப்பது கஷ்டம்.

அந்த 8 லட்சம் உங்களுடையது. ஆண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்கு, பெண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்கு என்று குர்ஆன் 4:32 சொல்கிறது. பெற்றோர் விட்டுப்போனதில் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று 4:7, மஹரை மனமுவந்து கொடுத்துவிடுங்கள் என்று 4:4. கல்யாணம் ஆனதால் மனைவியின் சொத்து கணவரோடு கலந்துவிடுவதில்லை. இங்கிலாந்தில் கல்யாணமான பெண் தன் பெயரில் முழு உரிமையோடு சொத்து வைத்துக்கொள்ள 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, நம் ஷரீஅத்தில் அது ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. கதீஜா நாயகி (ரலி) மக்காவில் பெரிய வணிகர், தன் சரக்கை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒப்படைத்து ஷாமுக்கு (சிரியாவுக்கு) அனுப்பினார்கள், முதல் அம்மையாருடையது. வீட்டுச் செலவு கணவரின் பொறுப்பு. நீங்கள் விரும்பிக் கொடுத்தால் அது உங்கள் மனசு, நன்மையான காரியம், ஆனால் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அண்ணன்மார் தங்கைக்குக் கொடுக்க வேண்டியதை இழுத்தடிக்கும் வீடுகள் எத்தனையோ இருக்க, உங்கள் அண்ணன்மார் கொடுத்திருக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். அப்படி வந்த பணத்தை எந்த எழுத்தும் இல்லாமல் இன்னொருவர் பெயரில் இருக்கிற சுவரில் பூசிவிடாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, நாளைக்கு அவருக்குப் பின் அது அவருடைய வாரிசுகளுக்குப் பிரியும். மருமகள் வாரிசு கிடையாது. உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு வரும், கொழுந்தனாருக்கு, நாத்தனார் இருந்தால் அவருக்கு, மாமியாருக்கு என்று மாடியும் சேர்ந்தே பிரியும். சொல்லவே நாக்கு வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்: மாமனார் இருக்கும்போதே உங்கள் வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டால், மற்ற மகன் இருக்கும் நிலையில், சுன்னத் ஜமாஅத் பாகப்பிரிவினைப்படி உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் பங்கு வராது. மாமனார் வஸிய்யத் (உயில்) எழுதினால்தான் உண்டு, அதுவும் மூன்றில் ஒரு பங்குக்குள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு மாடி கட்டுங்கள் என்றால் கட்டலாம், ஆனால் இரண்டில் ஒன்று நடக்கட்டும். மாமனார் அந்த மாடிக்கான உரிமையை உங்கள் பெயருக்குப் பத்திரப் பதிவு செய்து கொடுக்கட்டும், இல்லையென்றால் உங்கள் வீட்டுக்காரர் அதைக் கடனாக வாங்கி, தவணையோடு எழுதிக் கொடுக்கட்டும். சொந்தத்துக்குள் எழுத்தா என்று அவர் முகம் சுளித்தால், குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத்து 2:282, அது கடனை எழுதி வைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது என்று சொல்லுங்கள். இதில் சந்தேகப்படுவது என்ற பேச்சே இல்லை.

சரி, பணத்தை எங்கே வைப்பது? நம் நாட்டில் முழு இஸ்லாமிய வங்கிக்கு ரிசர்வ் வங்கி இடம் தரவில்லை, அந்த யோசனையை முன்னெடுப்பதில்லை என்று 2017-லேயே சொல்லிவிட்டது. அதனால் வட்டியில்லா வங்கி என்று சேலத்தில் யாராவது போர்டு மாட்டினால் கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒன்றரை லட்சத்தை ஆபத்துக்கு என்று நடப்புக் கணக்கில் வையுங்கள், அதற்கு வட்டி கிடையாது. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை இணையத்தில் இலவசமாகச் செய்துகொண்டால் தொழில் பெயரிலேயே கணக்கு தொடங்கலாம், குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மகளின் படிப்புக்கு இரண்டரை லட்சம். இரண்டு வருடத்தில் தேவைப்படுகிற பணம் என்பதால் பங்குச் சந்தைக்கு அது போகவே கூடாது. பாதியை அதே கணக்கில் வைத்து, பாதிக்குத் தங்கக் காசு வாங்குங்கள், நகை வேண்டாம், செய்கூலியும் சேதாரமும் எவ்வளவு தின்னும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முழுப் பணமும் கொடுத்து அன்றைக்கே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடை மாதச் சீட்டில் கடைசி மாதத் தவணையைக் கடைக்காரர் போடுகிறாரே, அதில் உலமாக்கள் பலருக்கு ஆட்சேபம் இருக்கிறது. பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கிற தங்க ஃபண்டான தங்க ஈ.டி.எஃப். பரவாயில்லை என்பவர்கள் உண்டு. அரசு 2024 வரை வெளியிட்ட தங்கப் பத்திரம் 2.5 சதவீத வட்டி தருவது, அதனால் உங்களுக்கு ஒத்துவராது.

உங்கள் தொழிலுக்கு 1,30,000 ஒதுக்குவேன். இன்று முழுக்கக் கூலிக்கு வேலை செய்கிறீர்கள், வெள்ளி வியாபாரியுடையது. கொஞ்சம் சொந்த வெள்ளி வாங்கி, குழந்தைகள் கொலுசு மாதிரி சின்ன உருப்படிகளை நீங்களே செய்து விற்றுப் பாருங்கள். வெள்ளி விலை ஏறி இறங்குகிற வேகம் அதிகம், ஒரே நாளில் மொத்தமும் வாங்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஹலால் முதலீட்டில் இதைவிடச் சுத்தமானது கிடையாது, நாலு பெண்களுக்கு ஆடியிலும் வேலை இருக்கும்.

பத்து வருடத்துக்குத் தேவைப்படாத பணமாக 2,40,000 எடுத்து, மாதம் 20,000 வீதம் ஒரு வருடத்தில் ஷரீஅத் விதிக்கு உட்பட்ட பங்கு ஃபண்டில் போடலாம். நாட்டின் 50 பெரிய நிறுவனப் பங்குகளை வைத்திருக்கும் சாதாரண நிஃப்டி 50 ஃபண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான், அது உங்களுக்கு ஆகாது. டாடா எத்திக்கல் ஃபண்ட், டாரஸ் எத்திக்கல் ஃபண்ட், நிஃப்டி 50 ஷரியா குறியீட்டைப் பின்பற்றும் ஈ.டி.எஃப். என்று சில இருக்கின்றன. வங்கி, மது, புகையிலை, பன்றி இறைச்சி, சூது சம்பந்தப்பட்ட நிறுவனங்களை விலக்கி, மிச்சத்திலும் கடன் அளவுக்கு மீறி இருப்பவற்றையும் வட்டி வருமானம் அதிகம் உள்ளவற்றையும் கழிப்பார்கள். சொற்ப வட்டி வருமானம் உள்ள நிறுவனம்கூட வேண்டாம் என்று சொல்லும் ஆலிம்களும் உண்டு, ஆகவே உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு மனசு திருப்தியான பிறகு போடுங்கள். வழக்கமாக ஆலோசகர்கள் மொத்தப் பணத்தையும் லிக்விட் ஃபண்டில் போட்டு மாதாமாதம் மாற்றச் சொல்வார்கள், லிக்விட் ஃபண்ட் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடுவது, முழுக்க வட்டி, அதனால் கணக்கிலிருந்து நேராகவே மாதத் தவணை (எஸ்.ஐ.பி.) போகட்டும். சந்தை 30 சதவீதம் விழுந்த வருடங்களும் உண்டு, அப்படி விழும்போது பயந்து எடுக்காமல் இருக்க முடியுமா என்று யோசித்துவிட்டு இறங்குங்கள். ஒரு வருடம் தாண்டி விற்கும்போது வருடத்துக்கு 1,25,000-க்கு மேலான லாபத்துக்கு 12.5 சதவீத வரி.

மிச்சம் 30,000 ஜகாத்துக்கு. நீங்கள் பின்பற்றுகிற மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு) ஹனஃபி என்றால் அணிகிற நகைக்கும் உண்டு, ஷாஃபியீ என்றால் வழக்கமாக அணியும் நகைக்கு இல்லை. ஹனஃபி கணக்கில் 22 பவுன் என்பது 176 கிராம், ஜகாத் கடமையாகிற குறைந்தபட்ச அளவான (நிஸாப்) 87.48 கிராமைத் தாண்டிவிட்டது, இரண்டரை சதவீதம் 4.4 கிராம், அதன் அன்றைய விலை. ரொக்கம் 8 லட்சத்துக்கு 20,000. சொந்தமாக வாங்கும் வெள்ளியும், வியாபாரியிடம் நிற்கிற உங்கள் கூலிப் பாக்கியும் கணக்கில் வரும், அவர் எடை போட்டுக் கொடுத்த வெள்ளி வராது. தங்கத்துக்கானதும் சேர்ந்து 30,000-ல் அடங்காவிட்டால் மீதியை மாத வருமானத்திலிருந்து கொடுங்கள். சொத்து உங்களுடையது என்றால் ஜகாத்தும் உங்கள் மேல்தான், வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

எஃப்.டி. வட்டி 40,000-ஐ வங்கியிலேயே விட்டுவிட வேண்டாம். வாங்கி, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்வதுதான் பெரும்பாலான உலமாக்கள் தருகிற பதில், அதை ஜகாத்தில் கழிக்க முடியாது. தானம் கொடுத்தாலும் வருமான வரிக் கணக்கில் அது உங்கள் வருமானமாகத்தான் காட்டப்பட வேண்டும். எல்லாக் கணக்கிலும் நாமினி போடுங்கள், ஆனால் நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்கிறவர் மட்டும்தான் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. பல வங்கிகளில் எஃப்.டி. முடிகிற அன்றைக்குத் தானாகவே புதுப்பித்துவிடுவார்கள். இந்த வாரமே ரசீதை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், புதுப்பிக்க வேண்டாம், முதலையும் வட்டியையும் என் கணக்கில் வரவு வையுங்கள் என்று எழுதிக் கொடுத்து, சீல் வைத்த நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.