அம்பாசடரில் நாமே செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைப்பது: கேள்வி பதில்

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

மார்க் 2 வண்டி. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஆல்டர்னேட்டர் போடப் போகிறேன். எதையெல்லாம் எழுதி வைக்கணும் சார்?

ஸ்பானரைத் தொடும் முன்பே பாதி எழுதி முடித்திருக்க வேண்டும். கழற்றிய பிறகு ஞாபகத்திலிருந்து எழுதினால் தப்பு வரும்.

முதலில் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று குறியுங்கள். மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் (பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருப்பது) இருக்கலாம். அதில் நெகடிவ் எர்த் ஆல்டர்னேட்டரை அப்படியே இணைத்தால் டையோடு அந்த நொடியே போய்விடும். அடுத்து, எஞ்சின் ஓட ஹெட்லைட் எரிய, பேட்டரி முனையில் எத்தனை வோல்ட் என்று அளந்து எழுதுங்கள். பிறகு கட்அவுட் பெட்டி, அதாவது டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி. அதன் ஒவ்வொரு முனையிலும் வரும் வயரின் நிறம், தடிமன், எங்கே போகிறது என்பதைக் கையால் படமாக வரையுங்கள். லூகாஸ் (பிரிட்டிஷ் மின்பாக நிறுவனம்) வயர் நிற முறைப்படி பிரவுன் பேட்டரி லைன், வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸ் தாண்டிய இக்னிஷன், கறுப்பு எர்த். ஆனால் இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் கை வைத்த வயரிங்கோ! நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் சோதித்த பிறகே எழுதுங்கள்.

மாற்றிய பின் ஆல்டர்னேட்டரின் ஆம்பியர், பெல்ட் நம்பர், புல்லி நேர்கோட்டுக்கு வர வைத்த வாஷரின் கனம், சார்ஜிங் வோல்ட் (13.8 முதல் 14.4 வரை இருக்கலாம்) எல்லாம் வேண்டும். பழைய பிரவுன் வயர் டைனமோ தரும் 20 சொச்சம் ஆம்பியருக்குப் போட்டது. 40 ஆம்பியர் ஓடினால் சூடாகி உறை உருகும். அதனால் பேட்டரிக்குத் தனியாக 6 சதுர மி.மீ. வயர் இழுத்து, அது போகும் வழியையும் வரைந்து வையுங்கள். சார்ஜிங் வார்னிங் பல்பின் வாட்டையும் மறக்காதீர்கள். ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்வது அந்தப் பல்பு வழியாக வரும் கரண்டில்தான். பின்னாளில் யாராவது அங்கே எல்இடி மாட்டினால் சார்ஜ் ஏறாமல் போகலாம். காரணம் நோட்டில் இல்லையென்றால் நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் போடுவார்கள்.

வயரில் ஒட்டிய டேக் எல்லாம் ஒரு மாதத்தில் விழுந்துவிட்டது அண்ணா.

மாஸ்கிங் டேப்பின் பசை பானட் சூட்டில் காய்ந்து உதிரும், பால்பாயின்ட் மை பெட்ரோல் பட்டால் கலைந்துவிடும். துண்டுக் காகிதத்தில் பென்சிலால் நம்பர் எழுதி வயர்மேல் சுற்றி, அதன்மேல் நிறமில்லாத ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடுபட்டால் சுருங்கும் குழாய்) போட்டுச் சுருக்குங்கள். நோட்டிலும் அதே நம்பர்.

போட்டோ நிறைய எடுத்திருக்கிறேன். போதாதா?

போதாது. வயர் தடிமனும் போல்ட் மரையும் படத்தில் தெரியாது. தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து ஒன்று எடுங்கள். அன்றைக்கே பெயர் மாற்றிச் சேமியுங்கள்.

போல்ட்டைக்கூட எழுதணுமா?

கட்டாயம். வண்டியில் இருப்பது பெரும்பாலும் யுஎன்எஃப் எனும் அங்குல அளவு நெருக்க மரை. 5/16 யுஎன்எஃப் போல்ட் 7.94 மி.மீ., மெட்ரிக் அளவான எம்8 போல்ட் 8 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். முன்னதில் அங்குலத்துக்கு 24 மரை, பின்னதில் ஒரு மரைக்கு 1.25 மி.மீ. தெரியாமல் மாற்றி முறுக்கினால் இரண்டு சுற்று போய் இறுகும், அதற்கு மேல் பலம் கொடுத்தால் ஓட்டையின் மரை போய்விடும். எந்த இடத்தில் மெட்ரிக் போட்டீர்களோ அந்த இடத்தை நோட்டில் சிவப்பில் எழுதுங்கள்.

1489 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு 1817 சிசி இசுசு எஞ்சின் போட்டால் நோட்டில் எழுதினால் போதுமா?

இல்லை. எஞ்சின் நம்பரும் சிசியும் ஆர்.சி.யில் இருப்பவை. வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதற்குப் பொருந்தும். ஆர்.டி.ஓ. அனுமதியை முதலில் வாங்குங்கள், அதன் நகல் நோட்டோடு இருக்கட்டும். இன்னொன்றும் யோசியுங்கள். 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021இல் வின்டேஜ் பதிவு விதிகள் வந்தன. சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருந்தால் அந்தப் பதிவு கிடைக்காது. என்னைக் கேட்டால், பழைய எஞ்சினையே ரீபோர் செய்யுங்கள் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது).

கழற்றிய டைனமோவை எடைக்குப் போட்டுவிடலாமா?

வேண்டாம். ஷாஃப்டில் கிரீஸ் தடவி, கட்அவுட் பெட்டி, பிராக்கெட், பழைய போல்ட்டுகளோடு ஒரே டப்பாவில் கட்டி, நோட்டின் பக்க எண்ணை மேலே எழுதுங்கள். புதிய வயரிங் படத்தின் நகல் ஒன்றை லேமினேட் செய்து டாஷ்போர்டில் வையுங்கள். ராத்திரி வழியில் நின்றால் மெக்கானிக் கேட்கப் போவது அதைத்தான்.