இளையோரின் உளநலமும் போதைப்பொருளும்: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளிற் பெரும்பாலானவை, போதைப் பழக்கமோ உளநோயோ முற்றிய பின் என்ன செய்வது என்பதை விட, அது தொடங்காமல் எப்படிக் காப்பது என்பதையே கேட்டிருந்தன. உளநோய்களில் ஏறத்தாழ மூன்றிலொன்று 14 வயதுக்கு முன்னரும், பாதியளவு 18 வயதுக்கு முன்னரும் தொடங்கிவிடுவதாக 2022இல் வெளியான பன்னாட்டுத் தொகுப்பாய்வொன்று காட்டுவதால், கேள்வி சரியான இடத்தில்தான் நிற்கிறது.

பாடசாலையில் போதை விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்தவுள்ளோம். ஐஸ் (மெத்தாம்பெட்டமின் எனும் போதைப்பொருள்), ஹெரோயின் படங்களைக் காட்டி, மீண்டு வந்த ஒருவரையும் பொலிஸ் அதிகாரியையும் பேச வைக்கலாமா? – ஆசிரியர், மல்லாவி

வேண்டாம். ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றங்கள் தொடர்பான அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வெளியிட்ட தடுப்பு நியமங்கள், அச்சமூட்டும் தகவல்களையும், முன்னாள் பாவனையாளரின் அனுபவ உரையையும், பொலிஸார் எடுக்கும் வகுப்பையும் பயன் தராதவற்றின் வரிசையிலேயே வைத்துள்ளன. ஐஸ் எப்படியிருக்கும் என்றே அறியாத பிள்ளைக்கு அதை அறிமுகம் செய்பவர்கள் நாமாகிவிடக் கூடாது. அதற்குப் பதிலாக, பயிற்சி பெற்ற ஆசிரியரே வாரம் ஒரு பாடவேளை வீதம் பத்து, பதினைந்து அமர்வுகளை நடத்தி, நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது, கோபத்தையும் தோல்வியையும் எப்படிக் கையாள்வது என்பவற்றை மாணவர்களையே நடித்துப் பழகச் செய்வது பலனளிக்கும். ‘எல்லோரும் பாவிக்கிறார்கள்’ என்ற மிகையான நம்பிக்கையைத் திருத்துவதும் இதில் அடங்கும். கருத்தரங்குகள் பல வேளைகளில் அந்த நம்பிக்கையையே வளர்த்துவிடுகின்றன.

கஞ்சா மூலிகைதானே, கெடுதல் குறைவு என்கிறார்களே? – உயர்தர மாணவர், முழங்காவில்

புகையிலையும் இலைதான். பதின்ம வயதில் தொடங்கி அடிக்கடி கஞ்சா புகைப்பவர்களுக்கு, இல்லாத குரல் கேட்பதும் வீண் சந்தேகமும் கொண்ட உளப்பிறழ்வு நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. குடும்பத்தில் எவருக்கேனும் அந்நோய் இருந்திருந்தால் இன்னும் கூடும்.

கணவர் நாளாந்தம் கசிப்புக் குடிக்கிறார். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மகனும் அவ்வழியே போய்விடுவானோ? – தாய், தருமபுரம்

ஆபத்துக் கூடுதல்தான், ஆனால் அது விதியல்ல. வடகிழக்குத் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்யப்பட்டு 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, போர் அனுபவமும் தந்தையின் மதுப் பழக்கமும் வீட்டு வன்முறையோடு பிணைந்திருப்பதைக் காட்டியது. மகனைக் காப்பதில் பெரும் பங்கு, அவன் தயங்காமல் பேசக்கூடிய பெரியவர் ஒருவராவது, அது நீங்களோ மாமாவோ ஆசிரியரோ, அருகில் இருப்பதில் தங்கியுள்ளது. பெறுபேறு வரும்வரையான வெறும் மாதங்களே என்னை அதிகம் கவலைப்படுத்துகின்றன. தொழிற்பயிற்சியோ கணினி வகுப்போ தோட்ட வேலையோ, நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தரும் எதிலாவது அவனைச் சேர்த்துவிடுங்கள். தகப்பனுக்குச் சிகரெட்டோ சாராயமோ வாங்க அவனை அனுப்ப வேண்டாம். 21 வயதுக்குட்பட்டவருக்கு அவற்றை விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும். கணவர் குடியை விட முன்வந்தால் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்: நாட்பட்ட குடியைத் திடீரென விடுவது வலிப்பிலும் உயிராபத்திலும் முடியலாம் என்பதால், முதலில் மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

புள்ளி குறைந்ததிலிருந்து மகள் ‘நான் இருந்து என்ன பயன்’ என்கிறாள். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. – விவசாயி, வட்டக்கச்சி

கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. பல வேளைகளில் சுமை இறங்குகிறது. தனிமையில் அமர்த்தி, ‘செத்துப் போகலாம் என்று யோசிக்கிறாயா, பிள்ளை?’ என்று நேரடியாகவே கேளுங்கள். புத்திமதியை ஒத்திவைத்து அவள் சொல்வதை முழுவதும் கேளுங்கள். ஆமென்றால் அவளைத் தனியே விடாமல் அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

நீங்கள் விவசாயி என்பதால் இன்னொன்று: வயலுக்கு அடிக்கும் மருந்தைக் குசினியிலோ கட்டிலின் கீழோ வைக்காதீர்கள், இப்போதைக்கு வீட்டிலேயே வேண்டாம். இலங்கையில் 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்த தற்கொலை வீதம், கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் இரண்டு தசாப்தங்களில் சுமார் 70 வீதம் குறைந்தது. இளையோரின் முயற்சிகள் பலவும் குறுகிய நேர ஆத்திரத்தில் நிகழ்வதால், கைக்கெட்டாத தூரமே உயிரைக் காத்துவிடுகிறது.

எமது விளையாட்டுக் கழகம் என்ன செய்யலாம்? – செயலாளர், ஒட்டுசுட்டான்

ஐஸ்லாந்தில், முந்தைய மாதத்தில் போதை ஏறும்வரை குடித்ததாகச் சொன்ன 15, 16 வயதினர் 1998இல் 42 வீதமாகவும் 2016இல் 5 வீதமாகவும் இருந்தனர். இடைப்பட்ட காலத்தில் அங்கு பெற்றோர் கூடி இரவில் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தை உடன்பட்டு வகுத்தார்கள். உள்ளூராட்சி அமைப்புகள் கழகக் கட்டணத்துக்கு உதவின. பயிற்றுநர்கள் முறையாகப் பயிற்றப்பட்டார்கள். மைதானம் மட்டும் போதாது. இறுதிப் போட்டி முடிந்ததும் பியர் விருந்து வைக்கும் கழகம் பிள்ளைகளுக்குக் குடியையே பழக்குகிறது. அதை முதலில் நிறுத்துங்கள். அடுத்து, பயிற்சிக்குத் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு அந்த வாரமே ஒருவர் சென்று விசாரிக்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். பெண் பிள்ளைகளுக்கும் மாலையில் ஒரு மணித்தியாலம் மைதானத்தை ஒதுக்குங்கள். வலைப்பந்துக் கம்பம் இரண்டு நடுவதற்குப் பெரிய செலவில்லை.