யானை எண்ட்கேமில் அரைப் புள்ளி எங்கே நழுவுகிறது?

கேள்வி: கிளப் அளவில் செஸ் ஆடுகிறேன். ஓப்பனிங்கும் நடு ஆட்டமும் ஓரளவு கைவசம் உண்டு. ஆனால் எண்ட்கேமில், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், ராஜாக்களோடு யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் கை நடுங்குகிறது. ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தால் டிரா, ஒன்று குறைந்தால் தோல்வி. ஆட்டம் முடிந்த கையோடு எஞ்சினில் (செஸ் கணக்கிடும் கணினி நிரலில்) போட்டுப் பார்க்கிறேன். தவறான நகர்த்தலைக் காட்டுகிறது. அடுத்த ஆட்டத்தில் மறுபடி அதே கதை. என்ன செய்யலாம்?

பதில்: எஞ்சினை முதலில் திறக்காதீர்கள், கடைசியில் திறங்கள். யானை எண்ட்கேமில் அது காட்டும் 0.00, அதாவது ‘இரு பக்கமும் சமம்’ என்ற மதிப்பு, மிகவும் ஏமாற்றக்கூடியது. எதை ஆடினாலும் டிராவா, ஒரே ஒரு நகர்த்தல்தான் காப்பாற்றுமா என்பது அந்த எண்ணில் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டியதோ அதுதான்.

நகர்த்தல்களைக் குறித்த ஸ்கோர் ஷீட்டை எடுத்து, கடைசிக் குதிரையோ பிஷப்போ வெட்டுப்பட்டு யானைகள் மட்டும் மிஞ்சிய இடத்திலிருந்து பலகையில் ஆடிப் பாருங்கள். அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று ஓரத்தில் எழுதுங்கள். ‘சிப்பாய் போய்விடுமே என்று பயந்தேன்’ என்பது போல, உள்ளதை உள்ளபடி. அப்புறம் உங்கள் யானை எந்த நகர்த்தலில் காவல்காரனாக மாறியது என்று தேடுங்கள். கிளப் ஆட்டங்களில் பெரும்பாலான யானை எண்ட்கேம்கள் அங்கேதான் கெடுகின்றன என்பது என் கருத்து.

உதாரணத்துக்கு, நீங்கள் கருப்பு. எதிராளியின் யானை உங்கள் ஏ7 சிப்பாயைத் தாக்குகிறது. அதைக் காக்க யானையை ஏ8-இல் நிறுத்துகிறீர்கள். சிப்பாய் பத்திரம். ஆனால் யானை இனி அசைய முடியாது, எதிராளியின் ராஜா நிதானமாக நடந்து வருகிறார். சிப்பாயை விட்டுக்கொடுத்து யானையை அவர் சிப்பாய்களுக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த வழியைக் குறைந்தது ஐந்தாறு நகர்த்தல்கள் நீங்களே கணக்குப் போட்டு எழுதுங்கள். பகுப்பாய்வின் உயிர் இந்த வேலையில்தான் இருக்கிறது.

1924 நியூயார்க் போட்டியில் அப்போதைய உலக சாம்பியன் கபாபிளாங்கா டார்டகோவரை வென்ற ஆட்டத்தை இதற்காகவே பலமுறை ஆடிப் பார்க்கலாம். இரண்டு சிப்பாய்களைச் செக்கோடு வெட்டவிட்டு, ராஜாவை எஃப்6 வரை நடத்திப் போனார். வழியில் எஃப்5-இல் இருந்த கருப்புச் சிப்பாயை வெட்டவில்லை. அது பின்னாலிருந்து வரும் செக்குகளுக்குக் குடை மாதிரி நின்றது! எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத ஆட்டம்.

அடுத்து, உங்கள் ஆட்டம் தெரிந்த நிலைகளில் எதை நோக்கிப் போனது என்று பாருங்கள். காக்கும் பக்கத்துக்கு ஃபிலிடோர் நிலை. வெள்ளை ராஜா டி5, சிப்பாய் ஈ5, உங்கள் ராஜா ஈ8, யானை ஏ6. ஆறாவது வரிசையை யானை அடைத்திருப்பதால் வெள்ளை ராஜாவால் முன்னேற முடியாது. யானையை அந்த வரிசையிலேயே நகர்த்திக்கொண்டு காத்திருங்கள். சிப்பாய் ஈ6-க்கு ஏறியதும் யானை ஏ1-க்கு இறங்க வேண்டும். சிப்பாயே ஈ6-இல் நிற்பதால் பின்னாலிருந்து வரும் செக்குகளுக்கு வெள்ளை ராஜா ஒளிய இடமில்லை, டிரா. பலர் பொறுமையிழந்து சிப்பாய் ஏறும் முன்பே யானையை இறக்கிவிடுகிறார்கள். வெள்ளை ராஜா முன்னே வந்துவிடுகிறார், காப்பது பல மடங்கு கடினமாகிறது. உங்கள் தோல்விகளில் இது இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஜெயிக்கும் பக்கத்துக்கு லூசெனா நிலை. சிப்பாய் ஏழாவது வரிசையில், அதற்கு முன்னால் உங்கள் ராஜா, எதிரி ராஜா பக்கத்தில் வராமல் தடுக்கப்பட்டிருக்கிறார். யானையை நான்காவது வரிசைக்குக் கொண்டுவந்தால், ராஜா வெளியே வந்த பிறகு விழும் செக்குகளை அது மறைக்கும். ஓரச் சிப்பாய்க்கு மட்டும் இது பொருந்தாது.

இவ்வளவும் எழுதிய பிறகு எஞ்சினைத் திறந்து, உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். பலகையில் 7 காய்களோ அதற்குக் குறைவோ இருந்தால் டேபிள்பேஸ் (எல்லா நிலைகளுக்கும் முடிவை முன்பே கணித்து வைத்த தரவுத்தளம்) சந்தேகமில்லாத விடையே தரும். கடைசியாக, திருப்புமுனை நிலையை வைத்து எஞ்சினோடு இரண்டு பக்கமும் ஆடுங்கள். டிரா என்று அது சொன்ன நிலையை உங்கள் கையால் டிரா செய்ய முடிகிறவரை அடுத்த ஆட்டத்தை எடுக்க வேண்டாம். மாதத்துக்கு இரண்டு ஆட்டம் இப்படிப் பார்த்தாலே போதும்.