கதைக்குள் வரும் 'நான்' யார்?

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். கதைப்பின்னல், கருப்பொருள், நோக்குநிலை, உவமை, உருவகம் என எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் விளக்கம் ஒப்பிக்கிறார்கள். புதிதாக ஒரு கதையைக் கொடுத்தால் முழிக்கிறார்கள். 'நான்' என்று வந்தாலே எழுத்தாளர்தான் பேசுகிறார் என்று சாதிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

விளக்கங்களைக் கொஞ்ச நாள் மூட்டைகட்டி வையுங்கள். ஒரு குட்டிக் கதை போதும். தாத்தா கண்ணாடியைத் தேடுகிறார். கிடைக்கவில்லை. அவருக்கு வந்த கடிதம் மேசைமேல் கிடக்கிறது. இது வெறும் நிகழ்ச்சி வரிசை. கடிதத்தைப் பேரன் முதலில் படித்துவிட்டான், தாத்தாவின் நண்பர் இறந்த செய்தி அது, அதனால்தான் கண்ணாடியை ஒளித்தான் என்று காரணத்தைக் கோத்துவிட்டால் கதைப்பின்னல்.

சரி, 'நான்' விஷயத்துக்கு வருவோம். "தாத்தாவின் கண்ணாடி என் பையில் இருக்கிறது" என்று பேரன் தொடங்கினால் நமக்கும் அவனுடைய படபடப்பு வந்துவிடும். தாத்தா சொன்னால்? "கண்ணாடி அவன் பையில் இருப்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் தேடிக்கொண்டே இருந்தேன்." கதையே வேறாகிவிட்டது, இல்லையா? இரண்டிலும் 'நான்' வருகிறது. எழுதியவன் நான்தான். ஆனால் எனக்குப் பேரனும் கிடையாது, நான் கண்ணாடி போடுவதும் இல்லை. இந்த 'நான்' கதைசொல்லி. யாருடைய கண் வழியாக நமக்கு விஷயம் தெரிகிறதோ, அது நோக்குநிலை.

இந்தக் கதை எதைப் பற்றியது என்று கேட்டால் 'அன்பு' என்பார்கள். அதோடு விடாதீர்கள். அது பேசுபொருள் மட்டும்தான். அன்பைப் பற்றி இந்தக் கதை என்ன சொல்கிறது? 'அன்பு பொய் சொல்லவும் வைக்கும்' என்று ஒருவர் எழுதலாம், 'ஒளிப்பதால் துக்கம் குறையாது' என்று இன்னொருவர் எழுதலாம். கதையிலிருந்து ஒரு வரியைக் காட்டி நிறுவினால் இரண்டுக்கும் மதிப்பெண் போடுங்கள்.

இதைக் 'கருப்பொருள்' என்று சொல்லித்தருவதில் ஒரு சிக்கல் உண்டு. தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்றால் ஒரு திணைக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியவை. போன பாடத்தில் மயிலும் தினையும் கருப்பொருள் என்று படித்த பிள்ளை, இந்தப் பாடத்தில் 'அன்பு' என்று எழுத வேண்டுமாம்! குழப்பியது நாம். மையக்கருத்து என்றே சொல்லிவிடலாம்.

உவமைக்கும் உருவகத்துக்கும் அதிகம் மெனக்கெட வேண்டாம். மலர்போன்ற முகம் உவமை. 'போன்ற' மறைந்து மலர்முகம் என்றானால் உவமைத்தொகை. முகமலர் என்று திருப்பிப்போட்டால் முகமே மலராகிவிடும், அது உருவகம். ஒரு வகுப்பில் முடிந்துவிடும்.

மிச்ச நேரத்தில் அந்தக் கண்ணாடிக் கதையைத் தபால்காரர் சொல்வதாக எழுதச் சொல்லுங்கள். கடிதத்தில் என்ன இருந்தது, கண்ணாடி எங்கே போனது, எதுவும் அவருக்குத் தெரியாது. வாசலில் நின்று பார்த்ததை மட்டும் வைத்துப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.